ஏழு வருடம் முந்திய காடு

வேலாங்காட்டுப்புதூரில் தங்கசாமியின் கொறங்காட்டுக்குள் இன்று பெய்யும் மழை, வேலிக்கு வெளியே ஏழு வருடம் கழித்துத்தான் பெய்யும். வெயிலும் அப்படித்தான், பனியும் அப்படித்தான். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் இறங்கி, முட்டை வண்டிகள் போய்வரும் கிளைச்சாலையில் தெற்கே நடந்தால், கோழிப்பண்ணைகள் முடிகிற இடத்தில் அந்தக் காடு தொடங்கியது. மாடு மேய்வதற்கென்றே உழாமல் விட்டுவைக்கும் நிலத்தைத்தான் அந்தப் பக்கத்தில் கொறங்காடு என்பார்கள். ஐந்து ஏக்கர், சுற்றிலும் ஆளுயரக் கிளுவை வேலி, நடுவில் ஒரு கிணறு, அங்கங்கே வெள்வேல மரம், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். தொண்ணூறுகளின் நடுவில் சேலத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று அதை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்தது. ஒரு துண்டு நிலத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, அதற்கு என்ன நேர்கிறது என்று நூறு வருடம் அளந்துகொண்டே இருப்பதுதான் அவர்களுடைய வேலை. மழை, கிணற்று நீர்மட்டம், மண்ணின் சூடு, புல் வகை, பறவைகள் எல்லாவற்றையும் அளந்தார்கள். வந்தவர்களிடம் தங்கசாமி கேட்டார், "தொடாமெ உட்டுட்டுப் பாக்கறதுக்கு ஒரு ஆபீஸாங்க?" ஆமாம் என்றார்கள். அவருக்கும் அதில் நட்டமில்லை. கொடுத்தார்.

அளப்பதற்கு வந்தவள் மைதிலி. சேலம் அம்மாபேட்டைக்காரி, அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. தங்கசாமி வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, விடிந்ததும் காட்டுக்குள் போய், வெயில் ஏறும் முன் திரும்பி வருவாள். இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போய்விடுவாள் என்று ஊர் நினைத்தது. அவள் போகவில்லை. தங்கசாமியின் மனைவி சௌந்திரம் அவளுக்குச் சாப்பாடு போட்டாள், அவள் சௌந்திரத்துக்குக் கைப்பேசியில் பேசவும் செய்தி அனுப்பவும் சொல்லிக்கொடுத்தாள். ஊருக்கு அவள் மைதிலி டீச்சர். எந்தப் பள்ளியிலும் அவள் பாடம் எடுத்ததில்லை என்பது யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை.

உள்ளே மட்டும் பெய்த முதல் மழை ஒரு மாசி மாதத்தில் வந்தது. வெளியே புழுதி பறந்துகொண்டிருந்தது. வேலிக்குள் மட்டும் கத்தியால் வெட்டி வைத்தது போல மழை நேர்க்கோட்டில் இறங்கியது. ஆடுகள் கிளுவைச் சந்தில் தலையை விட்டு நனைத்துக்கொண்டன. தங்கசாமி கையை நீட்டினார். முழங்கை வரை நனைந்தது. துண்டில் துடைத்துக்கொண்டு, வானத்தை அண்ணாந்து பார்த்து, "மானம் கோணிக்கிச்சாட்ட இருக்குது" என்றார். ஊர் கூடி நின்று பார்த்தது, பிறகு பால் கறக்கும் நேரமாகிவிட்டதால் கலைந்துபோனது. உள்ளே போன மனிதர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. போன வயதிலேயே திரும்பி வந்தார்கள், நனைந்திருந்தார்கள், அவ்வளவுதான். மைதிலி நிலையத்துக்கு எழுதினாள். மழைமானி பழுது என்று வேறொன்று அனுப்பினார்கள். அதுவும் அதையே காட்டியது. யாரோ விளையாட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று ஒரு பூட்டு அனுப்பினார்கள். மழைக்குப் பூட்டு ஒரு தடையாக இல்லை.

விஷயம் மைதிலிக்குப் பிடிபடப் பல வருடம் ஆனது. உள்ளே பெய்ததும் வெளியே பெய்ததும் ஒரு வருடம்கூட ஒத்துப்போகவில்லை. ஒருநாள், வெளியே அந்த வருடம் பெய்த மழைக் கோட்டின் மேல், உள்ளே ஏழு வருடம் முன்பு பெய்த மழைக் கோட்டை வைத்துப் பார்த்தாள். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகிவிட்டன. தனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நிலையத்தில் சொல்வார்கள் என்ற பயத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க யாரிடமும் வாய் திறக்கவில்லை. கடைசியில் சமையலறையில் வைத்துச் சௌந்திரத்திடம் சொன்னாள்.

"அக்கா, உள்ள பெய்யறது நம்ம மழைதான். நமக்கு ஏழு வருஷம் முன்னாடியே அங்க பெஞ்சிடுது."

சௌந்திரம் பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். "அப்பொ வார வருசத்து மளை ஏற்கெனவே பெஞ்சு முடிஞ்சுதாக்கும்?"

"ஆமாக்கா."

"எவ்வளவு பெஞ்சுதாம்?"

மைதிலி சொன்னாள். சௌந்திரம் மத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "பத்தாதே. அப்பொக் கடலை போட வேண்டாம், சோளமே போதும்னு அவிய கிட்டச் சொல்லீர்றேன்" என்றாள். ஊரில் அந்த வருடம் கடலை போட்டவர்களெல்லாம் கையைச் சுட்டுக்கொண்டார்கள். தங்கசாமியின் சோளம் விளைந்தது.

அதன் பிறகு மைதிலி ஒவ்வொரு மாதமும் பால் சொசைட்டிச் சுவரில் ஒரு தாள் ஒட்டினாள். உள்ளே அந்த மாதம் என்ன நடந்தது, வெளியே எந்த வருடம் அது நடக்கும் என்று அதில் இருக்கும். நிலையத்தின் அனுமதியை அவள் கேட்கவில்லை. அடுத்தவர் மண்ணில் அளந்தது அந்த மண்ணில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் சேர வேண்டும் என்பது அவள் நினைப்பு. ஊர் அந்தத் தாளை முட்டை விலை பார்ப்பது போலப் பார்த்தது. கல்யாணத்துக்குத் தேதி குறித்தவர்கள் சோசியரைப் பார்த்துவிட்டு நேராகச் சொசைட்டிக்கு வந்தார்கள். போர் போடும் வண்டிக்காரர்கள் புதூர்ப் பக்கம் வருவதை விட்டுவிட்டார்கள். தண்ணீர் இல்லாத வருடம் எதுவென்று தெரிந்த ஊரில் அவர்களுக்கு வேலை இல்லை. பரமத்தியிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் ஆட்கள் வந்து தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வேலாங்காட்டுப்புதூர் நன்றாக இருந்த வருடங்கள் அவை.

நல்லது குறைய ஆரம்பித்ததும் அந்தத் தாளில்தான் முதலில் தெரிந்தது. உள்ளே கௌதாரி கத்துவது நின்றது. அடுத்த வருடம் கொழுக்கட்டைப் புல் திட்டுத்திட்டாகக் காய்ந்து, அதன் இடத்தில் எதுவும் முளைக்கவில்லை. வெள்வேல மரங்கள் பூக்க வேண்டிய மாதத்தில் இலை உதிர்த்தன. கிணற்றில் நீர் இறங்கிக்கொண்டே போய் ஒருநாள் கயிறு எட்டாத ஆழத்துக்குப் போனது. வேலிக்கு இந்தப் பக்கம் கௌதாரிகள் வழக்கம் போலக் கத்திக்கொண்டிருந்தன. ஆனால் அவை கத்தும்போது வயலில் வேலை செய்பவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எந்த வருடம் வரை அந்தச் சத்தம் கேட்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சௌந்திரம் தன் தோட்டத்துக் கௌதாரிகளுக்குத் தினமும் கம்பு இறைக்கத் தொடங்கினாள். அதனால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். அப்படியும் இறைத்தாள்.

பிறகு அந்தச் சித்திரை வந்தது. ஒரு நடுப்பகலில் மைதிலி மண்ணின் சூட்டை அளக்க உள்ளே போனாள். வெளியே சாதாரணச் சித்திரை வெயில். உள்ளே போய்ச் சில அடி நடந்ததும் மரத்திலிருந்து ஒரு காக்கை அவள் முன்னால் விழுந்தது. பிறகு இன்னொன்று. காற்று அடுப்பிலிருந்து வருவது போல இருந்தது. வெப்பமானி அது காட்ட முடிந்த கடைசிக் கோட்டைத் தாண்டி நின்றது. திரும்பி நடந்தவள் வேலியைத் தாண்டும் முன் விழுந்தாள். தங்கசாமியின் கோழிப்பண்ணையில் வேலை செய்யும் குஞ்சம்மாள் தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் போனவள், வேலிச் சந்தில் ஒரு கை தரையைப் பிறாண்டுவதைப் பார்த்தாள். குடத்தைப் போட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்து முள் கிழிக்கக் கிழிக்க வெளியே இழுத்தாள். உள்ளே நீட்டிய அவளுடைய சொந்தக் கையில் முழங்கைக்குக் கீழே தோல் கொப்பளித்துவிட்டது. அது மாதக்கணக்கில் ஆறவில்லை.

ஈரத்துணி சுற்றிக் கிடந்த மைதிலி கண் திறந்ததும் சௌந்திரத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஏழு வருஷம் கழிச்சு இதே நாள்ல யாரும் வெளிய இருக்கக் கூடாது. இந்த ஊரு மட்டுமில்ல. எல்லா ஊரும்."

அந்த மாதத் தாள் சொசைட்டிச் சுவருக்கு வரவில்லை. நிலையத்தின் இயக்குநர் நவநீதகிருஷ்ணன் காரில் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. இளமையில் மேட்டூர் அணையின் மீன்களை எண்ணி எண்ணியே கண்பார்வையைக் கெடுத்துக்கொண்டவர். "நீ சொல்றது உண்மைன்னே வெச்சுக்கோ மைதிலி. இதைத் தாள்ல எழுதி ஒட்டினா மூணு மாவட்டத்துல எவன் நிலம் வாங்குவான், எவன் கடன் குடுப்பான்? இன்னும் சரிபார்க்கணும். அதுவரைக்கும் நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றார். அந்தச் சமயத்தில் பயிர்க் காப்பீடு செய்யும் ஒரு நிறுவனம் நிலையத்தின் அளவுகள் அத்தனையும் தனக்கு மட்டும் வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு நிலத்துக்காரரின் சம்மதமும் தேவைப்பட்டது. தங்கசாமியின் மேற்குக் காட்டை விடுதியோடு கூடிய ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கேட்டிருந்தார்கள், பேச்சு முடியும் தறுவாயில் இருந்தது. தாள் ஒட்டினால் பள்ளிக்கூடம் வராது. அவர் கையெழுத்துப் போட்டார். சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் போட்டார், ரசம் பரிமாறிக்கொண்டிருந்த சௌந்திரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. வேளாவேளைக்குச் சோறு வந்தது, வேட்டி துவைத்து வந்தது, சொல் மட்டும் வரவில்லை. கேட்க வேண்டியதைக் குஞ்சம்மாளைக் கூப்பிட்டு அவளிடம் கேட்டாள்.

மைதிலியைச் சேலத்துத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். வாய் திறந்தால் வழக்கு என்றார்கள். அம்மாபேட்டையில் அவளுடைய அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள், சம்பளம் தேவைப்பட்டது. அவள் வாயை மூடிக்கொண்டாள். குஞ்சம்மாள் மட்டும் தன் கையைக் காட்டி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் கேட்டார்கள். ஆனால் தாளில் இல்லாத விஷயம் ஊரில் வெறும் பேச்சானது, அடுத்த ஊரில் கட்டுக்கதையானது, நாமக்கல் போய்ச் சேர்வதற்குள் சிரிப்பானது.

காட்டு வாசலைப் பூட்டிய வருடம் வேலி நகர ஆரம்பித்தது. அது நகர்வதை யாரும் பார்த்ததில்லை. தங்கசாமியின் கடலைக் காட்டில் ஓரத்து உழவுச் சால் ஒன்று காணாமல் போயிருந்தது, பிறகு இன்னொன்று. கிளுவை முன்பு நின்ற இடத்தில் குழி இல்லை, வேர் இல்லை, நின்ற தடமே இல்லை. ஓரடி தள்ளி, பிறந்ததிலிருந்து அங்கேயே நின்றது போல நின்றது. நில அளவையாளர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். ஐந்து ஏக்கர் இப்போது ஏழு ஏக்கராக இருப்பதை ஒப்புக்கொண்டார், அதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று தெரியாததால் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். தங்கசாமி ஆள் விட்டு ஒரு பக்கம் முழுக்க வெட்டி எரித்தார். சாம்பல் ஆறும் முன்பே, சாம்பலுக்கு அப்பால், பச்சையாக நின்றது வேலி. பள்ளிக்கூடக்காரர்கள் மனையைப் பார்க்க வந்த அன்று அதன் ஒரு மூலையில் மட்டும் அடைமழை பெய்துகொண்டிருந்தது. மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை.

வாசலைப் பூட்டிய ஐந்தாம் வருடப் பங்குனியில் வேலி கோழிப்பண்ணையைத் தொட்டது. நீளமான கொட்டகையின் ஒரு வரிசை உள்ளே போனது, மற்றவை வெளியே நின்றன. உள்ளே போன வரிசைக் கோழிகள் அலகைத் திறந்தபடி கூண்டிலேயே செத்தன. கை எட்டும் தூரத்தில், கோட்டுக்கு இந்தப் பக்கத்துக் கோழிகள் தீவனம் தின்று முட்டையிட்டுக்கொண்டிருந்தன. குஞ்சம்மாள் செத்தவற்றைக் குழி தோண்டிப் புதைத்தாள். தங்கசாமி கொட்டகைக்கு நடுவே நின்று, ஒரு தோளில் வெயிலும் மறு தோளில் கொள்ளி வெயிலுமாக, மைதிலிக்குப் போன் செய்தார்.

"அம்மிணி, நாந் தங்கசாமி பேசறனுங்க."

"சொல்லுங்கண்ணா."

"வேலி பண்ணைக்குள்ளார வந்துருச்சு. கையெழுத்துப் போட்டவன் நாந்தான். அதை அழிக்க வளி இருக்குதுங்களா?"

"இல்லண்ணா."

"அப்பறம் என்னதான் பண்றது? சொல்லு அம்மிணி."

மைதிலியின் அம்மா அந்தத் தை மாதம்தான் இறந்திருந்தாள். பயப்படுவதற்கு இனி வீட்டில் யாரும் இல்லை என்பது அந்த நிமிடத்தில்தான் அவளுக்கு உறைத்தது. "அவங்க பூட்டினது பழைய அளவுகளைத்தான். காடு அங்கயேதான இருக்கு? மறுபடியும் அளக்கலாம்ணா" என்றாள். மறுநாள் காலை வேலையை விட்டுவிட்டு, ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

வேலி அந்த வருடம் தங்கசாமியின் வீட்டையும் எடுத்துக்கொண்டது. சில வாரம் சமையலறை உள்ளேயும் வாசல் வெளியேயும் இருந்தன. சௌந்திரம் எந்தப் பக்கம் வெயில் இருக்கிறதோ அந்தப் பக்கம் மிளகாய் காயப்போட்டாள். பிறகு தெருக்கள் போயின, பால் சொசைட்டி போனது, மாரியம்மன் கோவில் போனது. ஓடிப்போகிறவர்கள் ஓடிப்போனார்கள். இருந்தவர்களின் ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் மைதிலி ஒரு மழைமானியும் வெப்பமானியும் வைக்கச் சொன்னாள். தங்கசாமி தன் வீட்டு முற்றத்தில் தானே குழி தோண்டி, மழைமானியை நட்டு, மண் அணைத்தார். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சௌந்திரம், "சாஞ்சிருக்குதுங்க. நிமித்தி வெய்யிங்க" என்றாள். பல வருடத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் சொல் அதுதான். அவர் நிமிர்த்தி வைத்தார்.

அளந்ததை ஊருக்குச் சொல்லும் வேலையைச் சௌந்திரம் எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினாள். "வேலாங்காட்டுப்புதூர்ல இருந்து சௌந்திரம் பேசறனுங்க" என்று ஆரம்பித்து, உள்ளே நேற்று எவ்வளவு சூடு, கிணற்றில் எவ்வளவு தண்ணீர், எந்தப் பறவையைக் காணவில்லை என்று ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வாள். மேட்டூரில் பரிசல் போடுகிறவர்களும் ராசிபுரத்து மில் பெண்களும் திருச்செங்கோட்டு லாரி டிரைவர்களும் அந்தக் குரலைக் கேட்டார்கள். ஒவ்வொரு நாளும் கடைசியில் அந்தச் சித்திரை நாளைப் பற்றிச் சொன்னாள். நாள் நெருங்க நெருங்க மைதிலி எழுதிக் கொடுத்த ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள்: "அன்னிக்கி வெளிய என்ன நடக்கும்னு எங்களுக்குத் தெரியுமுங்க. வேலிக்குள்ளார அது முடிஞ்சுபோன நாள். ஆனா அன்னிக்கி உள்ள வேற என்ன இருக்கும்னு ஆருக்கும் தெரியாதுங்க. அதையும் சொல்லித்தான் கூப்பிடறோம். வரணும்னு தோணுச்சுன்னா வாங்க."

அன்று விடிந்ததும் ஆட்கள் வந்தார்கள். டெம்போக்களில், பள்ளிப் பேருந்துகளில், இன்னும் பாடி கட்டாத லாரிச் சட்டத்தில் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டு, மாடுகளோடும் கைக்குழந்தைகளோடும் வந்தார்கள். தங்கசாமி சாலையோரத்தில் வேலியை அகலமாக வெட்டித் திறந்து வைத்தார். அன்று ஒருநாள் மட்டும் அது திரும்ப மூடிக்கொள்ளவில்லை. உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது. மெல்லிய, குளிர்ந்த மழை. அதில் சத்தம் மட்டும் இல்லை. தகரக் கூரையில் விழுந்தது, வாழையிலையில் விழுந்தது, பாத்திரத்தில் விழுந்து நிறைந்தது, எங்கேயும் ஒரு சொட்டுச் சத்தமும் கேட்கவில்லை. வந்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தாமும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்த ஊமை மழையில் நின்றார்கள். அழுத குழந்தைகளும் கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டன. இது என்ன மழை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏழு வருடத்தில் தங்கள் ஊரிலும் பெய்யப்போகும் மழை என்று எல்லோருக்கும் தெரியும்.

குஞ்சம்மாளின் மகன் கலையரசன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டர். காலையிலிருந்து அவள் அவனுக்குப் போன் செய்துகொண்டே இருந்தாள். "லீவு தர மாட்டேங்கறாங்கம்மா. அப்பிடி ஒண்ணு இருந்தா ஆபீஸ் தாளைக் கொண்டான்னு சொல்றாங்க. எங்க இருக்குது தாளு?" என்றான். தாள் நிலையத்தில் பூட்டியிருந்தது. பதினோரு மணிக்கு மேல் பட்டறையில் இரண்டு பேர் மயங்கி விழுந்த பிறகு அவன் யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்தான்.

வேலியின் திறப்பில் நின்றவர்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வானம் நீலமாக இல்லை, சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. தார்ச்சாலை பளபளத்து, பிறகு நெகிழ்ந்தது. மின்கம்பிகளிலிருந்து காக்கைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. திருப்பத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது, சக்கரம் தாரில் புதைந்து சாய்ந்தது. அதிலிருந்தவன் எழுந்தான், சில எட்டு நடந்தான், மண்டியிட்டான். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். சட்டையை வைத்தே குஞ்சம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. ஓடக் காலெடுத்தவளை மைதிலி கட்டிப்பிடித்து நிறுத்தினாள். அதற்குள் தங்கசாமி ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போயிருந்தார். அறுபத்தெட்டு வயது அவருக்கு. செருப்பு தாரில் ஒட்டிக்கொண்டதும் வெறுங்காலோடு ஓடினார். கலையரசனின் இரண்டு கைகளையும் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து மழைக்குள் போட்டார். மழை அவன் முகத்தில் சத்தமில்லாமல் விழுந்தது. அவன் வாய் திறந்தே இருந்தது, அதில் தண்ணீர் நிறைந்து வழிந்தது.

குஞ்சம்மாள் மகனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தோல் உரிந்த பாதங்களோடு பக்கத்திலேயே சரிந்து உட்கார்ந்திருந்த தங்கசாமியைப் பார்த்தாள்.

"ஒரு தாளுக்குத்தானுங்க சாமி" என்றாள்.

அடுத்த வருடம் தங்கசாமி இறந்தபோது அந்தப் பாதங்கள் ஆறாமலே இருந்தன.

அன்று வெயில் தாழ்ந்த பிறகு நவநீதகிருஷ்ணனும் வந்தார். டயர் வெடித்த காரை எங்கேயோ விட்டுவிட்டு, யாரோ ஒருவருடைய டெம்போவில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார். சௌந்திரத்தைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மொதல்ல குடிங்க" என்று மோர்ச் செம்பைக் கையில் கொடுத்தாள். குடித்துவிட்டு அவர் போர்வை போர்த்திக் கிடத்தியிருந்த கலையரசனைப் பார்த்தார், யார் என்று கேட்டார், சொன்னார்கள். அந்த வாரமே நிலையத்தின் அத்தனை வருட அளவுகளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் திறந்துவிட்டார். காப்பீட்டு நிறுவனம் வழக்குப் போட்டது, அது இன்னும் நடக்கிறது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வேலியைப் பார்த்துவிட்டு, மைதிலியோடு உட்கார்ந்து பேசிவிட்டு, நிறம் மாறிய முகத்தோடு திரும்பிப் போனார்கள். அளவுகளைத் திறந்துவிட்டால் வேலி நின்றுவிடும் என்று ஊரில் பலரும் நம்பினார்கள். நிற்கவில்லை. கொஞ்சம் மெதுவானது, அல்லது மெதுவானது போல அவர்களுக்குத் தோன்றியது.

இப்போது அது பெரிய சாலையைத் தாண்டிவிட்டது. திருச்செங்கோடு பஸ்ஸில் கண்டக்டர் வேலி வருவதற்கு முன்னால் குரல் கொடுப்பார், "உள்ள மழையாம், சன்னலைச் சாத்துங்க" என்று. பயணிகள் பேச்சை நிறுத்தாமல் சாத்துவார்கள். மறுபக்கம் போனதும் திறந்துகொள்வார்கள். மகனைப் புதைத்த இடம் வேலிக்குள் இருப்பதால் குஞ்சம்மாள் வெளியே குடிபோக மறுத்துவிட்டாள். அவளுடைய மருமகள் மஞ்சுளா பால் சொசைட்டியில் வேலை செய்கிறாள், மைதிலியின் தாளை மாதாமாதம் ஒட்டுவதும் அவள்தான்.

இந்த வருடம் உள்ளே ஆடிக் காற்று அடிக்கவில்லை. முதலில் தாமதம் என்று நினைத்தார்கள். பாதி மாதம் போயும் ஓர் இலை அசையவில்லை. மைதிலி எல்லா வீட்டு அளவுகளையும் வாங்கிப் பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள், பிறகு சௌந்திரத்திடம் சொன்னாள். மறுநாள் காலை சௌந்திரம் வழக்கமான குரலில் அறிவித்தாள்: "ஆடிக் காத்து நின்னுபோச்சுங்க. வெளிய இருக்கறவங்களுக்கு இன்னும் ஏளு வருசம் இருக்குதுங்க." கேட்டவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் உள்ளே இருந்து நாலைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டி வெளியே வந்து போட்டு உட்கார்ந்தார்கள். மறுநாள் பத்துப் பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் பெண்களும் வந்தார்கள், பாயோடும் சுண்டல் தூக்கோடும். வெளியே காற்று புழுதியை வாரிக்கொண்டு, தென்னைகளை ஒரு பக்கமாக வளைத்துக்கொண்டு, வழக்கம் போல அடித்தது. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் மாடுகளைக் கொஞ்சம் தள்ளிக் கட்டி அவர்களுக்கு இடம் விட்டார்கள். பஸ் நேரம், பிள்ளைகளின் பரீட்சை, யாருக்கோ பார்த்திருக்கும் மாப்பிள்ளை என்று பேச்சு போனது. குஞ்சம்மாளும் வந்து ஓரத்தில் உட்காருவாள், அதிகம் பேசமாட்டாள். சௌந்திரம் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காற்றுக்குக் காட்டுவாள். இருட்டத் தொடங்கியதும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு, போயிட்டு வாரோமுங்க என்று சொல்லிக்கொண்டு, ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். வேலிக்குள் கால் வைத்ததும், அதுவரை பறந்துகொண்டிருந்த சேலைத் தலைப்புகள் அப்படியே இறங்கி உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.